மேடையில் புரட்சி, ஒப்பந்தத்தில் என்ன?

ராக் இசைக்கலைஞர்கள் மேடையில் முழங்கும் அரசியலைச் சொந்த வாழ்க்கையில் கடைப்பிடிக்கிறார்களா, அல்லது எதிர்ப்பும் அவர்கள் விற்கும் சரக்குகளில் ஒன்றுதானா என்பது கேள்வி.

சிலர் கடைப்பிடித்தார்கள். பலர் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். ஒரு சிலர் கூச்சமே இல்லாமல் எதிர்த்திசையில் நடந்தார்கள். யார் எந்த வகை என்று பிரிக்க நாம் வழக்கமாக எடுக்கும் அளவுகோல்தான் மோசமானது. பாடகருக்கு எவ்வளவு பெரிய வீடு, என்ன கார், என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்கிறோம். உடைமைகளற்ற உலகைக் கற்பனை செய்யச் சொன்ன பாட்டை ஜான் லெனன் 1971இல் ஆஸ்காட் அருகே தனக்குச் சொந்தமான மாளிகையில் வைத்துப் பதிவுசெய்தார் என்பதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவர் குடிசையில் உட்கார்ந்து பாடியிருந்தால் உலகில் யாருக்கு என்ன கிடைத்திருக்கும்?

இந்த அளவுகோல் எவ்வளவு எளிதில் வளையும் என்பதற்கு நம்மவர் கதையே இருக்கிறது. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ. ராக் பாடகி அல்லர் என்றாலும், அரசியல் பேசியதற்காக அவர் வாங்கிய அடி அதே வகையைச் சேர்ந்தது. 2010இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் வார இதழ் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. இலங்கைப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர் டிரஃபிள் காளான் வாசனையூட்டிய விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டார் என்று அதில் ஒரு வரி. ஊரே அந்த வறுவலைப் பற்றித்தான் பேசியது. பிறகு அவர் தாமே பதிவுசெய்து வைத்திருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். வறுவலை வரவழைக்கலாம் என்ற யோசனை பேட்டி எடுத்தவருடையது என்பது அதில் கேட்டது. முள்ளிவாய்க்காலுக்குப் பிந்தைய ஆண்டில், ஒரு தமிழ்ப் பெண் சொன்னதெல்லாம் ஒரு தட்டு வறுவலுக்குள் அடங்கிப்போனது.

எனவே தட்டையும் வீட்டையும் விட்டுவிடுங்கள். நான் பார்ப்பது வேறு. அந்தக் கலைஞரின் கையில் நேரடியாக இருந்த முடிவுகள் எவை? டிக்கெட் விலை, இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், பாட்டை விளம்பரத்துக்குக் கொடுப்பதும் மறுப்பதும், வருமானத்துக்கு எந்த நாட்டில் வரி கட்டுவது என்பது. இவற்றில் அவர் தம் பாட்டுக்கு எவ்வளவு அருகில் நின்றார், அதற்காக எவ்வளவு பணத்தை இழந்தார் என்று பார்த்தால் பட்டியலே தலைகீழாக மாறிவிடும்.

இந்தக் கணக்கில் முதலில் நிற்பது வாஷிங்டன் நகரத்தின் ஃபுகாசி. 1987இல் தொடங்கிய இந்தக் குழு பெரும்பாலும் ஐந்து டாலர் டிக்கெட்டில்தான் வாசித்தது. எந்த வயதினரும் உள்ளே வரலாம். அமெரிக்காவில் இது சின்ன விஷயமில்லை. மதுக்கூட வருமானத்தை நம்பி நடக்கும் அரங்குகள் 21 வயது நிரம்பாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். குழுவின் பாடகர் இயன் மெக்காய் 1980இல் நண்பரோடு தொடங்கிய டிஸ்கார்ட் என்ற நிறுவனமே இசைத்தட்டுகளை வெளியிட்டது. அங்கே எழுத்து ஒப்பந்தம் கிடையாது, வாய்ச்சொல்தான். கடைக்காரர் அதிகம் வசூலிக்கக் கூடாதென்று விலையை உறையிலேயே அச்சிட்டார்கள். குழுவின் பெயர் போட்ட டி-ஷர்ட் விற்பதில்லை. பெரிய நிறுவனங்கள் வலை வீசியபோதும் போகவில்லை. கூட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்து மிதித்து ஆடினால் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆளை அழைத்து, அவருடைய ஐந்து டாலரை உறையில் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். வெளியேற்றும்போதும் கணக்கைச் சரியாக முடிக்கும் அந்த நேர்த்தி எனக்கு மிகவும் பிடிக்கும். சமத்துவம் பேசும் குழு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் ராக் உலகில் கிடையாது.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபுகாசியால் இது முடிந்ததற்குக் காரணம், அவர்கள் சிறிய அளவிலேயே இருக்கத் தீர்மானித்ததுதான். நிகழ்ச்சிகளைத் தாங்களே ஏற்பாடு செய்தார்கள். நூற்றுக்கணக்கான ஊழியர்கள் இல்லை. விளையாட்டு மைதானங்களை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அளவு பெரிதானால் அதே கொள்கை என்ன ஆகும் என்பதைப் பேர்ல் ஜாம் கதையில் பார்க்கலாம்.

1994இல் பேர்ல் ஜாம் அமெரிக்காவின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்று. டிக்கெட் 18.50 டாலருக்கு மேல் போகக் கூடாது, அதன் மேல் போடும் சேவைக் கட்டணம் 1.80 டாலரைத் தாண்டக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். டிக்கெட் விற்பனையைக் கையில் வைத்திருந்த டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் மறுத்தது. நாட்டின் முக்கியமான அரங்குகளில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்தோடு தனி உரிமை ஒப்பந்தம் போட்டிருந்தன. அதைத் தாண்டிப் போய் வாசிக்க இடமில்லை. குழு அமெரிக்க நீதித் துறையிடம் புகார் கொடுத்தது. ஜூன் 30 அன்று இரண்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார்கள். அந்தக் கோடைக்காலச் சுற்றுப்பயணத்தையே கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு டிக்கெட்மாஸ்டர் இல்லாமலே ஊர் ஊராகப் போக முயன்று, ஒதுக்குப்புறத் திடல்களிலும் புது ஏற்பாடுகளிலும் சிக்கி, பாதியில் தடுமாறினார்கள். 1995 ஜூலையில் நீதித் துறை விசாரணையை முடித்துக்கொண்டது. 1998இல் பேர்ல் ஜாம் மறுபடி டிக்கெட்மாஸ்டர் வழியாகவே டிக்கெட் விற்றது.

இதைத் தோல்வி என்று சொல்லலாம், பொய்மை என்று சொல்ல முடியாது. புகழின் உச்சியில் சொந்தப் பணத்தைப் பணயம் வைத்தார்கள். மற்ற பெரிய குழுக்கள் பாராட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. கூட நாலு பேர் நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். 2010இல் டிக்கெட்மாஸ்டர், இசை நிகழ்ச்சிகளை நடத்தும் லைவ் நேஷன் நிறுவனத்தோடு இணைந்து இன்னும் பெரிதானது. 2024 மே மாதம் அதே நீதித் துறை அந்த நிறுவனத்தின் மீது ஏகபோக வழக்குத் தொடர்ந்தது, முப்பது ஆண்டு தாமதமாக. இடையில் 2022இல், தொழிலாளர் வாழ்க்கையைப் பாடியே பெயர் வாங்கிய புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் நிகழ்ச்சிக்குத் தேவைக்கேற்ப ஏறும் விலைமுறையில் சில இருக்கைகள் 5,000 டாலர் வரை போயின. 1984இல் வேலையிழந்த எஃகுத் தொழிலாளர்களின் உணவு வங்கிக்குப் பணம் கொடுத்தவரும் இதே ஸ்பிரிங்ஸ்டீன்தான். ஒரே மனிதரில் இரண்டும் இருக்கின்றன.

பிரிட்டனுக்குப் போவோம். பங்க் என்ற கலக ராக் இசையைச் சேர்ந்த கிளாஷ் குழு 1977இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தில் கையெழுத்திட்ட அன்றே பங்க் செத்துவிட்டது என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. பாடகர் ஜோ ஸ்டிரம்மரின் தந்தை வெளியுறவுத் துறையில் இருந்தவர், மகன் விடுதிப் பள்ளியில் படித்தவர் என்பதையும் சேர்த்து, தெருக்குரல் என்பதே வேடம் என்பார்கள். பிறப்பை வைத்து அடிப்பது சோம்பேறித்தனம். ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். 1979இல் இரண்டு தட்டுகள் கொண்ட ஆல்பத்தை ஒரு தட்டின் விலைக்கு விற்கச் செய்தார்கள். அடுத்த ஆண்டு, நிகராகுவா புரட்சியாளர்களின் பெயரைத் தாங்கி மூன்று தட்டுகள் கொண்ட ஆல்பம் வந்தது. அதையும் மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக பிரிட்டனில் முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். நிறுவனத்தின் பங்கு குறையவில்லை, குழுவின் பங்குதான் போனது. சாமர்த்தியசாலிகள் செய்யும் காரியமா இது?

பின்னாளில் அவர்கள் பாட்டு ஒன்று 1991இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துக்குப் போய், அதன் மூலம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. 2002இல் இன்னொன்று ஜாகுவார் கார் விளம்பரத்தில் ஒலித்தது. அதே 2002 நவம்பர் 15 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களுக்காக லண்டன் ஆக்டன் டவுன் ஹாலில் ஸ்டிரம்மர் பாடினார். பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த பழைய கிளாஷ் தோழர் மிக் ஜோன்ஸ் கூட்டத்திலிருந்து மேடையேறி கிதார் வாசித்தார். அடுத்த மாதம் ஸ்டிரம்மர் இறந்துவிட்டார். ஜாகுவாரையும் தீயணைப்பு வீரர்களையும் சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும்.

மிகவும் வேடிக்கையான கதை சும்பவும்பா என்ற குழுவுடையது. லீட்ஸ் நகரில் ஆளில்லாத ஒரு வீட்டில் குடியேறி, வருமானத்தைச் சமமாகப் பங்கிட்டு வாழ்ந்த, அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதிகள். 1989இல் இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தைக் கெட்ட வார்த்தையால் திட்டும் தலைப்புடன் வந்த தொகுப்பு ஆல்பத்தில் இவர்கள் பாட்டும் உண்டு. 1997இல் அதே இ.எம்.ஐ.யோடு ஒப்பந்தம் போட்டார்கள்! பழைய தோழர்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஒப்பந்தத்தில் வந்த பாட்டு உலகம் முழுவதும் ஓடியது. விழுந்தாலும் எழுவேன் என்று பாடும் அதை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். வந்த பணத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் சுவை. நைக்கி நிறுவனம் உலகக் கோப்பைக் கால்பந்து விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைப் பெருந்தொகை கொடுத்துக் கேட்டது, மறுத்தார்கள். 2002இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார் விளம்பரத்துக்கு வேறொரு பாட்டைக் கேட்டபோது சம்மதித்தார்கள். வந்த பணத்தை இண்டிமீடியா, கார்ப்வாட்ச் என்ற இரு அமைப்புகளுக்கு அப்படியே கொடுத்தார்கள். அந்த அமைப்புகள் அதே பணத்தைக் கொண்டு ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிராகப் பிரச்சாரம் நடத்தின. 1998 பிரிட் விருது விழாவில் குழுவின் உறுப்பினர் ஒருவர், லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைக் கைவிட்டதற்காகத் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் மீது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் இ.எம்.ஐ. பணம் அவர்கள் வாயை அடைக்கவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

இப்போது அயர்லாந்துக் குழுவான யூ2. இங்கே என் பொறுமை குறைவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நியாயத்தை முதலில் பேசுவோம்: ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற இயக்கத்தில் குழுவின் பாடகர் போனோ செய்தது விளம்பர வேலை மட்டும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களை, தமக்குச் சற்றும் பிடிக்காத பழமைவாதிகள் உட்பட, ஒருவர் ஒருவராகச் சந்தித்துப் பேசினார். 2003இல் புஷ் அரசு எய்ட்ஸ் நோய்க்கு எதிராக ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் ஒதுக்கியதற்குப் பின்னால் இருந்த பல அழுத்தங்களில் அவருடையதும் ஒன்று. அந்த மருந்துகளால் உயிர் பிழைத்தவர்களுக்கு அவர் எங்கே வரி கட்டினார் என்பது முக்கியமில்லை.

எனக்கு முக்கியம். அயர்லாந்தில் 1969 முதல் கலைஞர்களின் படைப்பு வருமானத்துக்கு வரிவிலக்கு இருந்தது. பல பத்தாண்டுகள் யூ2 அதன் நிழலில் இருந்தது. அந்த விலக்குக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் யூரோ என்று அரசு உச்சவரம்பு விதித்ததும், 2006இல் குழு தன் பாடல் உரிமை வணிகத்தை நெதர்லாந்துக்கு மாற்றியது. அங்கே ராயல்டி வருமானத்துக்கு வரி மிகக் குறைவு. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. அயர்லாந்தே குறைந்த வரியைக் காட்டிப் பன்னாட்டு நிறுவனங்களை ஈர்த்து வளர்ந்த நாடுதானே என்பது போனோவின் வாதம். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் பணக்கார நாடுகளின் அரசுகள் வரிப் பணத்திலிருந்து ஏழை நாடுகளுக்கு இன்னும் கொடுக்க வேண்டும் என்று உலகமெங்கும் போய்க் கேட்டவர் அவர். அந்த வரிப் பணத்தில் தம் பங்கைக் குறைத்துக்கொள்ள வழி கிடைத்தபோது குறைத்துக்கொண்டார். 2011 கிளாஸ்டன்பரி இசை விழாவில், வரியைக் கட்டு என்ற பொருளில் குழுவின் பெயரை வைத்தே வாசகம் எழுதி, பெரிய பலூனை எதிர்ப்பாளர்கள் பறக்கவிட முயன்றதில் எனக்கு வியப்பில்லை.

வேறொன்றும் இங்கே உறுத்துகிறது. கொள்கை பேசாதவர்களிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. நிறவெறி ஆட்சிக்கு எதிராகக் கலாசாரப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1984இல் குவீன் குழு தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி சூதாட்ட விடுதியில் போய் வாசித்தது. மறு ஆண்டு, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எயிட் மேடையில் அதே குழுவை உலகம் கொண்டாடியது. பிரிட்டிஷ் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையை வாசித்து வளர்ந்தவர், பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். அவர் 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில், வெளிநாட்டவரை வெளியேற்ற வேண்டும் என்று பேசி, குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனாக் பவலுக்கு ஆதரவு கேட்டார். அதற்கு எதிர்வினையாகத்தான் ‘நிறவெறிக்கு எதிரான ராக்’ இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பெரும் ஊர்வலம் நடந்தது. கிளாஷும் ஸ்டீல் பல்ஸும் அங்கே வாசித்தன. கிளாப்டன் மைதானங்களை நிரப்பிக்கொண்டுதான் இருந்தார். இரட்டை வேடம் என்ற குற்றச்சாட்டு வாய் திறந்தவர்கள் மீது மட்டுமே விழுகிறது. அதனால் வாயை மூடிக்கொண்டிருப்பதே லாபம் என்ற பாடத்தை ரசிகர்களாகிய நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

கடைசியாக, இந்தக் கேள்விக்கு மிகக் கடினமான பதில் தருபவர்: ஆஸ்திரேலியாவின் மிட்நைட் ஆயில் குழுவின் பாடகர் பீட்டர் காரெட். மற்றவர்கள் கையில் இருந்தது டிக்கெட்டும் ஒப்பந்தமும். இவர் கையில் ஒரு நாட்டின் அமைச்சகமே இருந்தது.

மொட்டைத் தலை, ஆறடிக்கும் மேல் உயரம், சட்டம் படித்தவர். 1984இல் அணு ஆயுத ஒழிப்புக் கட்சி சார்பில் ஆஸ்திரேலிய செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1986இல் குழுவோடு மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருந்த பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போய் வாசித்தார். நிலத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கும், உலகப் புகழ் பெற்ற அவர்கள் பாட்டு அந்தப் பயணத்துக்கு அடுத்த ஆண்டு வந்தது. அலாஸ்கா கடலில் எக்ஸான் கப்பல் எண்ணெயைக் கொட்டியதற்கு அடுத்த ஆண்டு, 1990இல், நியூயார்க்கில் அந்த நிறுவனத்தின் கட்டடத்துக்கு எதிரே லாரியில் ஏறி மதிய உணவு நேரத்தில் வாசித்துப் போக்குவரத்தை ஸ்தம்பிக்க வைத்தார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில், பழங்குடியினரிடம் மன்னிப்புக் கேட்க மறுத்துவந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் பார்வையாளர் வரிசையில் இருக்க, மன்னிப்புக் கோரும் சொல் அச்சிட்ட கறுப்பு உடையில் மேடையேறினார்கள். ஆஸ்திரேலிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் தலைவராகவும் காரெட் இரு முறை இருந்தார்.

2004இல் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனார். போன கையோடு வளைய வேண்டியிருந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே பைன் கேப்பில் உள்ள அமெரிக்க உளவுத் தளத்தை எதிர்த்து வந்தவர், இப்போது அது இருக்கட்டும் என்ற கட்சி நிலையை ஏற்றார். புதிய யுரேனியச் சுரங்கங்கள் வேண்டாம் என்ற பழைய கொள்கையை 2007 கட்சி மாநாடு கைவிட்டது. காரெட் அதை எதிர்த்துப் பேசி, வாக்கெடுப்பில் தோற்றார். அந்த ஆண்டு இறுதியில் கட்சி ஆட்சியைப் பிடித்தது, அவர் சுற்றுச்சூழல் அமைச்சரானார். 2009 ஜூலையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபோர் மைல் யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி கேட்டுக் கோப்பு அவர் மேசைக்கு வந்தது. கையெழுத்திட்டார்.

பழைய ரசிகர்கள் துரோகி என்றார்கள். சொல்லிவிட்டுப் போவது எளிது. அமைச்சராக அவர் சட்டப்படி ஆராய வேண்டியது அந்தச் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளை. யுரேனியம் தோண்டலாமா என்ற பெரிய கேள்வியைக் கட்சி முன்பே முடிவு செய்துவிட்டது. பிடிக்காவிட்டால் பதவி விலகியிருக்கலாம். விலகியிருந்தால் அடுத்தவர் அதே கையெழுத்தைப் போட்டிருப்பார். ஆனால் அதே 2009 நவம்பரில் குவீன்ஸ்லாந்தின் மேரி ஆற்றில் மாநில அரசு கட்ட இருந்த டிராவெஸ்டன் அணையைத் தடுத்திருப்பாரா? காரெட் தடுத்தார். அந்த ஆற்றின் நுரையீரல் மீனும் ஆமையும் அழிந்துவிடும் என்பதைக் காரணமாகக் காட்டி, தம் சொந்தக் கட்சியின் மாநில அரசுக்கே மறுப்பு எழுதினார். அவர் அமைச்சராக இருந்தபோதுதான் ஜப்பானின் திமிங்கில வேட்டைக்கு எதிராக ஆஸ்திரேலியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது, 2014இல் வென்றது.

அவர் பெயரைக் கெடுத்தது யுரேனியம்கூட இல்லை. உலகப் பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க அவசர அவசரமாகக் கொண்டுவந்த, வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்பு பொருத்தும் திட்டம். பயிற்சியில்லாத ஒப்பந்ததாரர்கள் புற்றீசல் போலப் புகுந்தார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது, அந்தப் பொறுப்பும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. பாதுகாப்பு பற்றி அவர் பிரதமருக்குக் கடிதங்கள் எழுதியிருந்தார் என்பது பின்னர் வெளியானது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அதனால் என்ன? தொழிலாளர்களுக்காகப் பாடியவரின் துறையில் தொழிலாளர்கள் செத்தார்கள் என்ற உண்மையை எந்தக் கடிதமும் அழிக்காது.

இருந்தாலும் என் தீர்ப்பைக் கேட்டால், போனோவைவிடக் காரெட் தம் பாட்டுக்கு உண்மையாக இருந்தார் என்பேன். போனோவைக் கேள்வி கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. காரெட் தம்மை நாடாளுமன்றக் கேள்வி நேரத்துக்கும் தேர்தலுக்கும் ஒப்புக்கொடுத்தார். கூரைத் திட்டம் பற்றி 2014இல் அமர்ந்த விசாரணை ஆணையத்தின் முன்னும் வந்து சாட்சியம் சொன்னார். ஒலிம்பிக் மேடையில் உடையில் எழுதிக் காட்டிய மன்னிப்பை, 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் பிரதமராக நாடாளுமன்றத்தில் வாசித்தபோது, அந்த அமைச்சரவையில் காரெட்டும் ஒருவர்.

2013இல் அரசியலை விட்டார். 2017இல் மிட்நைட் ஆயில் மறுபடி உலகம் சுற்றியது, அணு எதிர்ப்புப் பாட்டுகளையும் விடாமல் பாடினார்கள். ஃபோர் மைல் சுரங்கம் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உற்பத்தியைத் தொடங்கிவிட்டிருந்தது.